சொட்டினால் அடைக்காதீர்கள்

லண்டனில் வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறையின் அகலத்தைப் பார்ப்பார்கள், தோட்டத்தைப் பார்ப்பார்கள், பாய்லருக்கு எத்தனை வயது என்று கேட்பார்கள். வெளிச்சுவரின் அடியில், தரையை ஒட்டி, வாயைக் கவிழ்த்தபடி நிற்கும் செப்புக் குழாயை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதில் பார்க்கவும் ஒன்றுமில்லை. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒருநாள் அது நனைந்திருந்தால்தான் செய்தி. உள்ளே அலமாரியில் நிற்கும் 200 லிட்டர் வெந்நீர் சிலிண்டரில் ஏதோ ஒரு காவல் தவறிவிட்டது, அடுத்த காவல் எழுந்துகொண்டது என்று அர்த்தம்.

ஈரத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். கசிகிறது, ஒரு மூடியைத் திருகிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். வீட்டு வெந்நீர் அமைப்பில் ஒருவர் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிட ஆபத்தானது அதிகமில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் அந்தச் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூடிய கலத்தில் கொதிநிலை

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது; ஆவியாகிப் போய்விடும். அழுத்தத்தோடு அடைத்து வைத்த தண்ணீருக்கு இந்த வரம்பு கிடையாது. பிரிட்டிஷ் வீடுகளில் இன்று பரவலாக இருக்கும், மெயின் குழாயோடு நேராக இணைந்த சிலிண்டர் பொதுவாக 3 பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 144 டிகிரி. சூட்டை நிறுத்தும் கருவிகள் எல்லாம் செத்துப் போனால், உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் சத்தம் போடாமல் தண்ணீராகவே இருக்கும்.

அந்த நிலையில் கலம் ஓரிடத்தில் பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும். தண்ணீரில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு அதே கணத்தில் நீராவியாக மாறும். 200 லிட்டர் சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15 கிலோ நீராவி, அதாவது 25 கன மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையைத் தரையிலிருந்து கூரை வரை நிரப்புகிற அளவு. இவ்வளவும் ஒரு அலமாரிக்குள்ளிருந்து, ஒரே நொடியில் வெளியே வரும்.

2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘மித்பஸ்டர்ஸ்’ குழு இதைச் செய்தே காட்டியது. சாதாரண வீட்டு வாட்டர் ஹீட்டர் ஒன்றின் பாதுகாப்புக் கருவிகளை வேண்டுமென்றே முடக்கிச் சூடேற்றினார்கள். அடிப்பாகம் பிய்ந்தது. ஹீட்டர், சோதனைக்கான மாதிரி வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான அடி உயரம் பறந்தது.

அது திட்டமிட்ட சோதனை. 1982 ஜனவரி 19 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்பென்சர் நகரில் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. ஸ்டார் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் இருந்த 80 கேலன் வாட்டர் ஹீட்டர், பிள்ளைகள் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த வேளையில் வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டிருந்தது. அது கெட்டால் அழுத்தத்தை வெளியே விட வேண்டிய வால்வும் சரியான நிலையில் இல்லை. ஒரு கருவி கெட்டது விபத்துக்கு வழி திறந்தது. இரண்டாவதும் கெட்டிருந்ததை யாரும் கவனிக்காததுதான் ஏழு உயிர்களைக் கொண்டுபோனது.

பரணில் ஒரு தொட்டி

இந்தப் பயம் பிரிட்டனில் பழையது. நிலக்கரி அடுப்பின் பின்னால் சிறு பாய்லரைப் பொருத்தி வெந்நீர் எடுத்த விக்டோரியா காலத்தில், கடும் பனியில் குழாய்கள் உறைந்து வழி அடைத்துக்கொள்ள, அடுத்த நாள் அடுப்பு மூட்டியதும் பாய்லர் வெடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஏற்பாடு மிக எளிமையானது. பரணில் ஒரு குளிர்நீர்த் தொட்டி. அதிலிருந்து தண்ணீர் தன் எடையால் கீழே உள்ள செப்பு சிலிண்டருக்கு இறங்கும். சிலிண்டரின் உச்சியிலிருந்து ஒரு திறந்த குழாய் மறுபடி பரணுக்கு ஏறி, தொட்டியின் மேல் வளைந்து நிற்கும். தண்ணீர் விரிந்தாலும் கொதித்தாலும் அந்த வழியாக மேலே போகும். எங்கும் அடைப்பு இல்லை, அதனால் அழுத்தம் சேராது. பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் வீடுகளுக்கு இதுதான் விதி. குளியலறையில் தண்ணீர் நூலாக வந்ததற்கும் இதுதான் காரணம்.

வெடிக்காது என்பதால் முழுப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. அதைச் சொல்லித் தந்தது இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள டான்டன் நகரம். 2006 நவம்பரில் அங்கே ஒரு வீட்டில், சிலிண்டருக்குள் இருக்கும் மின்சார இம்மர்ஷன் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகிவிட்டது. தண்ணீர் நிற்காமல் கொதித்தது. கொதித்தது திறந்த குழாய் வழியாக, வடிவமைப்பில் சொன்னபடியே, பரண் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. குளிர்ந்த நீருக்காகச் செய்தது. சூட்டில் இளகி அது விட்டுக்கொடுத்தது. கொதிநீர் உட்கூரையை உடைத்துக்கொண்டு கீழே படுக்கையறையில் கொட்டியது. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை இறந்தது.

குழாய் தன் வேலையைச் சரியாகச் செய்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. 2010இல் திருத்தி வெளிவந்த இங்கிலாந்து கட்டட விதிகளின் ஜி பகுதி இதற்குப் பதில் சொல்கிறது. திறந்த குழாய் மட்டும் போதாது. தெர்மோஸ்டாட் கெட்டால் மின்சாரத்தை வெட்டும் தனிக் கருவியும் வேண்டும். பரண் தொட்டி உறுதியான சமதளப் பலகையில், எல்லாப் பக்கமும் 150 மில்லிமீட்டர் பலகை நீண்டிருக்கும்படி உட்கார வேண்டும். பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் இன்றும் பரணேறிப் பார்க்க வேண்டியது இது. தொட்டியின் மூடி சூட்டில் கோணிப்போயிருந்தாலோ, தொட்டிக்கு மேலே ஆவி தெரிந்தாலோ, சிலிண்டர் இருக்கும் பக்கத்திலிருந்து கொதிக்கும் சத்தம் கேட்டாலோ, உடனே இம்மர்ஷன் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மூன்று காவல்

1980களின் நடுவில் பிரிட்டன் மனம் மாறியது. ஐரோப்பாவின் பிற நாடுகள் எப்போதோ பழகிவிட்ட, மெயின் அழுத்தத்தில் நேரடியாக நிற்கும் சிலிண்டருக்கு 1985ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கதவைத் திறந்தன. பரண் தொட்டி தேவையில்லை, மேல்மாடி ஷவரிலும் தண்ணீர் வேகமாக வரும். கூடவே கறாரான நிபந்தனையும் வந்தது. சேமித்த நீர் எந்தச் சூழ்நிலையிலும் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. பிளம்பர்கள் இன்றும் ‘ஜி3’ என்று சுருக்கமாகச் சொல்வது இந்த விதியைத்தான். அதற்கென்று படித்துத் தேறியவர் மட்டுமே இந்த வகைச் சிலிண்டரைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தகுதியுள்ளவர்.

விதியின் உள்ளே இருக்கும் யோசனை, நம் சமையலறைக் குக்கரில் இருப்பதுதான். வெயிட் தூக்கி ஆவியை விடும்; வெயிட் அடைத்துக்கொண்டால் ஸேஃப்டி வால்வு உருகி வழிவிடும். முதலாவது தோற்கும் என்று எண்ணித்தான் இரண்டாவதைச் செய்கிறார்கள்.

சிலிண்டரில் காவல் மூன்று. முதலாவது தெர்மோஸ்டாட். 60, 65 டிகிரியில் சூட்டை நிறுத்தும். தினமும் வேலை செய்வது இது. ஆகவே தேய்ந்து கெடக்கூடியதும் இதுவே. இரண்டாவது தெர்மல் கட்-அவுட். 80, 85 டிகிரி வாக்கில் விழித்துக்கொண்டு சூட்டின் மூலத்தையே வெட்டும். இதில் முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் ஆறினாலும் இது தானாக மறுபடி இணையக் கூடாது. ஒருவர் வந்து மூடியைக் கழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டும். தானாக இணைந்தால் தெர்மோஸ்டாட் கெட்டதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். பாய்லரிலிருந்து சுடுநீர் சுருளுக்குள் ஓடிச் சூடேற்றும் சிலிண்டராக இருந்தால், அந்த ஓட்டத்தை நிறுத்தும் மோட்டார் வால்வையும் இதே கட்-அவுட்தான் மூடுகிறது. அந்த வால்வில் ஸ்பிரிங் உண்டு. மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, சிலிண்டரின் மேற்பகுதியில் பித்தளையில் குமிழோடு நீட்டிக்கொண்டிருக்கும் வால்வு. வெப்பம் 90 முதல் 95 டிகிரியை எட்டினாலும் சரி, அழுத்தம் அதற்கென்று குறித்த அளவை, பல மாடல்களில் 7 பார் அல்லது 10 பார், தாண்டினாலும் சரி, திறந்துவிடும். இதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே நீளும் கம்பி சூட்டை உணர்ந்து தானே வேலை செய்யும். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் இந்த வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மூடக்கூடிய வேறு எந்த வால்வும் இருக்கக் கூடாது.

விறகு, நிலக்கரி அடுப்புகள் இந்தச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. கேஸை வெட்டலாம், மின்சாரத்தை வெட்டலாம். கனன்றுகொண்டிருக்கும் கட்டையை எந்தக் கட்-அவுட்டும் அணைக்காது. அதனால்தான் திட எரிபொருள் அடுப்போடு இணைக்கும்போது திறந்த குழாய் முறையையே இன்றும் நாடுகிறார்கள். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றாலும் தானாகவே தண்ணீர் சுற்றி வெப்பத்தை இறக்கிக்கொள்ள ஒரு ரேடியேட்டரையும் தனியாக வைத்துவிடுகிறார்கள்.

வழிந்தது எங்கே போகும்?

டான்டன் சொன்ன பாடம் இங்கேயும் பொருந்தும். வால்வு திறந்தால் வருவது ஏறக்குறைய கொதிநீர். அது எங்கே போய் விழுகிறது என்பதும் பாதுகாப்பில் சேர்த்தி. ஆகவே வால்விலிருந்து வரும் குழாய் அருகிலேயே டன்டிஷ் எனப்படும் திறந்த புனலில் முடிய வேண்டும். நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரியும். கழிவுநீர் குடிநீருக்குள் திரும்ப ஏறவும் முடியாது. புனலுக்குக் கீழே குழாய் ஒரு அளவு பெரிதாகி, முதல் வளைவுக்கு முன் குறைந்தது 300 மில்லிமீட்டர் நேராக இறங்க வேண்டும். 22 மில்லிமீட்டர் குழாய் என்றால் மொத்த நீளம் 9 மீட்டருக்குள், அதிலும் ஒவ்வொரு முழங்கை வளைவுக்கும் 0.8 மீட்டர் கழித்து. கடைசியில் ஆள் நடமாட்டத்துக்கு ஆபத்தில்லாத, ஆனால் பார்வைக்குத் தப்பாத இடத்தில் முடிய வேண்டும். தரைமட்டத்தில் விட்டால், குழந்தைகள் கை வைக்காதபடி கம்பிக்கூண்டு போட வேண்டும். வெளிச்சுவரில் யாரும் பார்க்காமல் நிற்கும் குழாயின் கதை இவ்வளவு நீளம்.

இனி, சொட்டு. டன்டிஷில் தண்ணீர் தெரிவதெல்லாம் பேராபத்து என்றில்லை. எப்போது தெரிகிறது, என்ன சூட்டில் தெரிகிறது என்பதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கலாம்.

10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது 200 லிட்டர் தண்ணீர் மூன்று லிட்டருக்கு மேல் பெருகுகிறது. அந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுக்கத்தான் சிலிண்டரை ஒட்டி எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று தொங்குகிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு அதிலும் உண்டு. வருடம் போகப் போகக் காற்று இறங்கும். இறங்கிவிட்டால் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பெருகிய நீர் போக இடமில்லாமல் வால்வு வழியாகச் சொட்டும், சூடேறி முடிந்ததும் நின்றுவிடும். இது சர்வீஸில் காற்றடித்தால் தீர்கிற விஷயம். சூடேறாத நேரத்திலும் குளிர்ந்த நீர் விடாமல் சொட்டினால், மெயின் அழுத்தத்தை 3 பாருக்குக் குறைத்துத் தரும் வால்வோ, வெளியேற்றும் வால்வின் அடிப்பகுதியோ பழுது.

சுடுநீர் பீறிட்டுக்கொண்டு வந்தால் கதை வேறு. முதல் இரண்டு காவலும் விழுந்துவிட்டன, மூன்றாவது மட்டும் நிற்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் மெயின் குழாயை மூடத் தோன்றும். மூடக் கூடாது. தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்வது, பாய்லரையும் இம்மர்ஷனையும் அணை, தண்ணீரை விட்டுவை, தகுதியுள்ளவரைக் கூப்பிடு. உள்ளே வந்துகொண்டிருக்கும் குளிர்ந்த நீர்தான் அப்போது சிலிண்டரை ஆற்றிக்கொண்டிருக்கிறது.

சென்னையிலோ கோவையிலோ குளியலறைச் சுவரில் தொங்கும் கீசருக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் சிறியது. தெர்மோஸ்டாட், கட்-அவுட், குளிர்நீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு. பல கீசர்களில் உருகி வழிவிடும் ஒரு பிளக்கும் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2082 கீசர்களுக்கானது. அந்தச் சிறு வால்வு சூடேறும்போது சொட்டுவது அதன் வேலை. தரை ஈரமாகிறது என்று அதன் வாயை அடைப்பதும், ஸ்பென்சர் பள்ளியில் வால்வு செயலிழந்து கிடந்ததும் இயற்பியலுக்கு ஒன்றே. போர்வெல் உப்புநீர் வரும் வீடுகளில் ஹீட்டர் கம்பியிலும் வால்விலும் உப்பு படிந்து இறுகும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்வது அதனால்தான்.

60 டிகிரிச் சிக்கல்

வெடிக்கும் என்ற பயம் இவ்வளவு என்றால், பேசாமல் சூட்டையே குறைத்து 45 டிகிரியில் வைத்துவிட்டால் என்ன? கரண்ட் பில்லும் மிச்சம்.

1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வ்யூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குக் கூடினார்கள். கலைந்து வீடு திரும்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிமோனியாவில் விழுந்தார்கள். மொத்தம் 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தார்கள். மாதக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. 1977 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேட் அதுவரை பெயரில்லாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். மாநாட்டினரின் அமைப்பான ‘லீஜன்’ பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது: லீஜனெல்லா. அந்தச் சம்பவத்தில் சந்தேகம் விழுந்தது ஏசியின் குளிர்விக்கும் கோபுரத்தின் மீது. ஆனால் கிருமிக்குப் பிடித்த சூழல் வெதுவெதுப்பாகத் தேங்கிய எந்த நீரும்தான். 20 முதல் 45 டிகிரி வரை அது செழித்து வளரும். ஷவரில் நுண்துளிகளாகத் தெறித்து மூச்சுவழி நுரையீரலுக்குப் போகும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் செத்துவிடும்.

அதனால்தான் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் சேமிக்கும் நீர் 60 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் பட்டால் பெரியவர் தோலே ஐந்தே நொடியில் ஆழமாக வெந்துபோகும். குழந்தைக்கும் முதியவருக்கும் அவ்வளவு நேரம்கூட ஆகாது. கிருமியைக் கொல்லும் சூடு ஆளையும் சுடும்.

தீர்வு இரண்டையும் பிரித்து வைப்பதுதான். சேமிப்பது 60இல், குழாய்வாயில் வருவது குறைவாக. நடுவே வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் தெர்மோஸ்டாட் வால்வு. குளிர்நீர் திடீரென்று நின்றால் இது வெந்நீரையும் மூடிவிடும். இங்கிலாந்தில் புதிய வீடுகளின் குளியல் தொட்டிக்கு வரும் நீர் 48 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று 2010 விதிகள் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் புதிய வீட்டுக் குளியலறைகளுக்கு வரம்பு 50 டிகிரி.

திரும்பி வரும் சிலிண்டர்

பிரிட்டனில் கடந்த சில பத்தாண்டுகளாகச் சிலிண்டர் மறைந்துகொண்டிருந்தது. கேட்ட நேரத்தில் தண்ணீரைச் சுடவைத்துத் தரும் காம்பி பாய்லர் வந்ததும், சிலிண்டர் நின்ற அலமாரியைக் காலி செய்து துணி அடுக்கிக்கொண்டார்கள். இப்போது ஹீட் பம்ப் அந்த அலமாரியைத் திரும்பக் கேட்கிறது. மெதுவாகச் சூடேற்றும் இயந்திரம் அது. குளிக்கும் நேரத்துக்கு முன்னதாகவே சேர்த்து வைத்தாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்த பிறகு, சிலிண்டரே பார்த்திராத வீடுகளிலும் அது வந்து இறங்குகிறது.

புதிய இயந்திரம் பழைய சிக்கலைச் சற்றுத் திருப்பிப் போடுகிறது. ஹீட் பம்ப் 50 டிகிரி வாக்கில் நிறுத்தினால்தான் சிக்கனமாக ஓடும். அந்தச் சூட்டில் லீஜனெல்லா பெருகாது. ஆனால் 60இல் போல வேகமாகச் சாகவும் சாகாது. ஆகவே பல அமைப்புகளில், வாரம் ஒருமுறை இம்மர்ஷன் ஹீட்டர் தானாக ஓடி முழுத் தண்ணீரையும் 60 டிகிரிக்கு மேல் ஏற்றும்படி நேரம் குறித்து வைக்கிறார்கள். மின்கட்டணத்தைப் பார்த்துச் சிலர் இதை அணைத்துவிடுகிறார்கள். வெளியூர் போய் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில், முதல் ஷவருக்கு முன் இது ஒரு சுற்று ஓடிமுடிப்பது நல்லது. கூரையில் சோலார் தகடு போட்டவர்கள் மிஞ்சும் மின்சாரத்தை இம்மர்ஷனுக்குத் திருப்புவதும் வழக்கமாகிவிட்டது. எப்போதோ அவசரத்துக்கு ஓடிய ஹீட்டரும் அதன் தெர்மோஸ்டாட்டும் இனி தினமும் உழைக்கின்றன. அந்த ஹீட்டரின் கட்-அவுட் எந்த வகை, எந்த வருடத்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீடு வாங்குகிறவரோ வாடகைக்குப் போகிறவரோ கேட்க வேண்டியவை இவை: சிலிண்டரைப் பொருத்தியவர் ஜி3 தகுதி உள்ளவரா, உள்ளூர் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவித்த சான்றிதழ் இருக்கிறதா, கடைசி சர்வீஸ் எப்போது, அதில் எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றைச் சோதித்தார்களா. சிலிண்டரோடு வரும் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வீஸும் தேதியோடு எழுதியிருக்க வேண்டும். பக்கங்கள் வெறுமையாக இருந்தால், சர்வீஸ் செலவை வீட்டு விலையிலோ வாடகைப் பேச்சிலோ சேர்த்துப் பேசலாம்.